பனி நாட்டுப் பாண் ஓட்டோ

என் மகள் ஹிமாயா, ஒரேயொரு கேள்வியாலும் பேக்கரிப் பண்டங்கள் விற்றுக்கொண்டு அந்த வழியால் வந்த ஒரு பாண் ஓட்டோவாலும், ஆறு மாடி வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியொன்றைக் கல்முனைப் பிரதான வீதியில் வைத்து, பின்னேர அசர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் இடையில் இழுத்து மூடிவிட்டாள்.

நம்பவில்லைதானே? பரவாயில்லை. காரைதீவுப் புண்ணியமூர்த்தியும் நம்பவில்லை.

"கல்லூரி எங்கயோ பனிக்குள்ள கிடக்கு. அதக் கல்முனையில வெச்சி எப்பிடி மூடுற ஜெமீல்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் வீட்டுத் தேத்தண்ணீரையே குடித்தார்.

அவரும் நானும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஒன்றாக வேலை செய்து ஒன்றாகவே பென்சனுக்கு வந்தவர்கள். நான் குளத்து வான் கதவுகளைப் பார்த்தேன். அவர் மழைமானியைப் பார்த்தார். மாரி காலத்தில் 'கடல் எழும்பி வானத்தால கொட்டுது' என்று நான் ஓடிவந்து சொல்வேன். அவர் கண்ணாடிக் குழாயைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, ஓர் இலக்கத்தை எழுதிவிட்டு, "ஒள்ளுப்பம் தூறியிருக்கு" என்பார். அன்றிலிருந்து இன்றுவரை என் வாயிலிருந்து வருகிற எதையும் அவர் அந்தக் குழாய்க்குள் ஊற்றிப் பார்த்துத்தான் எடுப்பார்.

பயம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வெள்ளத்தில் நான் வான் கதவின் மேல் தனியாக நின்றபோது, யானை ஒன்று என் தோளில் தும்பிக்கையைப் போட்டு அக்கரைக்கு வழி கேட்டது. கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனது. அது யானையில்லை, மாடு என்று புண்ணியமூர்த்தி சொல்வார், விடுங்கள். அப்படிப்பட்ட நான், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையிலிருந்த ஒரு நீலப் பேனைக்குப் பயந்து நடுங்கினேன்.

ஹிமாயா உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவையும் எழுதி, மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை ஒரு மயிரிழையில் தவறவிட்டாள். மயிரிழை என்று சொல்வதே கூடத்தான். அந்த இடைவெளியைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு பிள்ளையின் கனவு முழுவதும் விழுந்துவிடும் அளவுக்கு ஆழம் இருந்தது.

அவளுக்குக் கிடைத்தது கொழும்பில் யூனானி மருத்துவம். அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டம். ஐந்து வருடப் படிப்பு, அதன்பிறகு உள்ளகப் பயிற்சி, கட்டணம் என்று ஒரு சதமும் இல்லை. நல்ல விசயம்தானே? ஆனால் எங்கள் ஊரில் யூனானி டொக்டர் என்று சொன்னால் சிலர் "ஓ... அந்த டொக்டரா?" என்று இழுப்பார்கள். அந்த 'ஓ'வில் ஏறினால் பாண்டிருப்பு வரை போய் இறங்கலாம், அவ்வளவு நீளம்.

மற்றது பனி பெய்யும் நாடொன்றில் ஆறு வருடம். அந்த நாட்டின் பெயரைச் சொல்லப்போய் என் கட்டுப்பல் இரண்டு தடவை கழன்று விழுந்ததால் இங்கே எழுதவில்லை. அதற்குக் கல்முனையில் ஒரு முகவர் இருந்தார். டை கட்டிய தம்பி. ஏஜென்ட் தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

"எம்.பி.பி.எஸ். இல்ல சேர். அங்க நேரா எம்.டி.!" என்றார் அவர்.

எம்.டி.! எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்களை நின்று கும்பிட வைக்கும் பெரிய டொக்டர்மாரின் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகள் அல்லவா அவை! அன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் போனவன், அசர் வருவதற்குள் பள்ளியிலும், சந்தையிலும், தலைமயிர் வெட்டுகிற இடத்திலும், மீன் வாங்குகிற இடத்திலும் சொல்லிவிட்டேன். என் மகள் எம்.பி.பி.எஸ். படியில் கால் வைக்காமலே ஒரே பாய்ச்சலில் விசேட வைத்தியர் ஆகப்போகிறாள் என்று.

பின்னேரம் புண்ணியமூர்த்தி வந்தார். வழக்கம்போல் குழாயைத் தூக்கினார்.

"ஜெமீல், எங்கட ஆக்கள் எம்.பி.பி.எஸ். முடிச்சி, மறுகா வருசக்கணக்காப் படிச்சி எடுக்கிற எம்.டி. வேற. அங்கத்த எம்.டி. முதல் பட்டம். பேர்தான் பெரிசு. இஞ்ச வந்து மருத்துவ சபைட சோதினையும் பாஸ் பண்ணினாத்தான் ஒரு ஊசியத் தொட உடுவாங்க."

"பொறாம பிடிச்சுக் கதைக்கிறீர் மூர்த்தி."

"ஓம் வாப்பா, அங்கிள் சொல்றது சரி," என்றாள் உள்ளேயிருந்து ஹிமாயா. "நான் முதலே பாத்துட்டன். கல்லூரிட பேர் மருத்துவ சபைட பட்டியல்ல இரிக்கு. ஆனா சோதின எழுதத்தான் வேணும். நிறையப் பேர் அதுல விழுறாங்களாம்."

முதல் பயம் அப்போதுதான் எனக்குள் விழுந்தது. குளத்தில் கல் விழுந்தால் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டாவது பயம் கட்டணம். அதற்கு எங்களிடம் இருந்தது ஒன்றேயொன்றுதான். வீடு.

எங்கள் ஊர்களில் பெண்பிள்ளை பிறந்தால் முதலில் காதில் பாங்கு சொல்வோம். அடுத்து அத்திவாரம் வெட்டுவோம். பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவார். வந்து அந்த வீட்டிலேயே இருப்பார். பெற்றவர்கள் பின்வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவோம். ஹிமாயா தவழ்ந்தபோது சுவர் எழும்பியது. பள்ளிக்கூடம் போனபோது கூரை ஏறியது. கடைசி வயல் துண்டைக் கொடுத்துத் தரைக்கு மாபிள் பதித்தேன். அந்த மாபிள் எவ்வளவு பளபளப்பு என்றால், காகம் ஒன்று உள்ளே வந்து தன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுப் போனது.

வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கலியாணத்தோடு எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காரன். அவளுக்குப் பதினெட்டு முடிந்த கிழமையே, மாப்பிள்ளையின் நிழல்கூடத் தென்படாத காலத்தில், பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் வீட்டை அவள் பெயருக்கு நன்கொடை எழுதிவிட்டேன். 'என்ட மகள் வீட்டுக்காரி' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆக, நானும் என் மனைவி நதீராவும் படுத்தெழும்புகிற வீட்டை விற்க உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அவள் கையில் நீலப் பேனை ஒன்று இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. நதீரா ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிக்கொண்டு திரிந்தாள். ஆட்டை விற்கக் கொண்டுபோகுமுன் தடவுவதுபோல.

"மகள், வீடு போனா மறுகா மாப்புள எங்க வருவார்? வாடக வீட்டுக்கா?" என்றாள் ஒருநாள் சோற்றைப் போட்டபடி.

"டொக்டர் எண்டா மாப்புள வீடு கேக்க மாட்டார் உம்மா."

"டொக்டர் பொண்ணுக்கு டொக்டர் மாப்புள வேணும். அவர் ஒரு வீடு கேக்க மாட்டார்தான். ரெண்டு கேப்பார்."

ஹிமாயா சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுபோனது. நான் மெதுவாகக் கேட்டேன்.

"மகள், ஒனக்குப் பயமில்லையா?"

"எல்லாத்துக்கும் பயமா இரிக்கு வாப்பா. யூனானிக்குப் போனா, சாகிற வரைக்கும் 'ஓ... அந்த டொக்டரா' எண்டு கேக்கணும். அங்க போய்ட்டு வந்து சோதினையில விழுந்தா, வீடும் இல்ல, வேலையும் இல்ல, நீங்க ரெண்டு பேரும் தெருவில. ஒண்டையும் எடுக்காம இருந்தா, அது அதவிடப் பயம்." தட்டில் விரலால் கோடு கீறிக்கொண்டே சொன்னாள். "நான் அங்க போறதெண்டுதான் நினைக்கிறன் வாப்பா. வீட்ட நான் திருப்பிக் கட்டித்தருவன்."

அவள் கையெழுத்து வைத்தால் கூரை போகும். வைக்காவிட்டால், என்றோ ஒருநாள் 'வாப்பா வீட்டப் புடிச்சிக்கிட்டு என்ட படிப்ப உட்டுட்டார்' என்று நினைப்பாள். எது பெரிய பயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இரண்டையும் சேர்த்தே பயந்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்காரர் யார் தட்டுவது என்று கதவைத் திறந்து பார்த்தாராம்.

ஏஜென்ட் தம்பி ஒரு சனிக்கிழமை கலியாண மண்டபத்தில் கருத்தரங்கு வைத்தார். அன்றே கையெழுத்து வைத்தால் கட்டணத்தில் கழிவு. "வீடு காணி விக்கிற ஆக்கள் அலையத் தேவல்ல சேர். வாங்கிறவரையும் நொத்தாரிசையும் நாங்களே கூட்டி வாறம்," என்று தொலைபேசியில் சொன்னார். எவ்வளவு அன்பான மனிதர்! எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அந்தப் பனி நாட்டுக் குளிர் முன்கூட்டியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

போகும்போது புண்ணியமூர்த்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் மயங்கி விழுந்தால் தூக்க ஓர் ஆள் வேண்டும். நதீரா வரவில்லை. "நான் வந்தா அழுவன். புள்ள குழம்பிடும்," என்று தெருவாசல் கடப்படியிலேயே நின்றுவிட்டாள்.

மேல்மாடி மண்டபம். ஏ.சி. போட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தார்கள். முன்னால் பெரிய திரை. அதில் கல்லூரியின் ஆறு மாடியும் தெரிந்தது. நூறு பேர் இருந்திருப்பார்கள், பயத்தில் எனக்கு ஆயிரமாகத் தெரிந்தது. எல்லோரும் என்னைப்போலவே: ஒரு கையில் பிள்ளை, மறு கையில் உறுதி. பக்கவாட்டில் ஒரு மேசை. அதில் நொத்தாரிசு, அவருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டை வாங்கவந்த மனிதர். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் மாபிள் தரையில் அவர் செருப்போடு நடக்கிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

புண்ணியமூர்த்தி கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு, "தலையிடிக்குது ஜெமீல், வெளியில காத்து வாங்கிட்டு வாறன்," என்று எழுந்து போய்விட்டார். மயங்கினால் தூக்க இருந்த ஒரே ஆளும் போய்விட்டது.

ஹிமாயாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் மேசையில் உறுதியை வைத்தாள். நொத்தாரிசு கடதாசியைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினார். அவள் பேனையின் மூடியைக் கழற்றினாள். அந்த 'டிக்' என்ற சத்தம் எனக்கு வான் கதவு ஒன்று உடைந்ததுபோலக் கேட்டது.

எழுதவில்லை. திரும்பி ஏஜென்ட் தம்பியைப் பார்த்தாள்.

"ஒரு கேள்வி சேர். அங்க ஆசுப்பத்திரி வாட்டுல கிடக்கிற நோயாளி, 'எனக்கு இஞ்சதான் நோகுது' எண்டு எந்தப் பாஷையில சொல்லுவார்?"

"படிப்பு முழுக்க இங்கிலீஷ்ல தங்கச்சி. ஒரு பிரச்சினையும் இல்ல."

"படிப்பு சரி சேர். நோயாளி?"

ஏஜென்ட் தம்பியின் சிரிப்பு ஒரு நொடி தடுமாறி, மறுபடி ஏறி உட்கார்ந்தது. "அத நான் ஏன் சொல்லணும்? அங்க நாலாம் வருசம் படிக்கிற எங்கட மருதமுனைத் தம்பி இரிக்காரு. நீங்களே கேளுங்க. லைவ்!"

திரையில் ஓர் இளைஞன் வந்தான். பெயர் இன்பாஸ் என்றார்கள். வெள்ளைக் கோட், கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனிமலை. மண்டபம் 'ஆ' என்றது. "இஞ்ச சரியான குளிர்," என்றான் அவன். நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கிக் கண்ணுக்குள் போனது. நான் அதைக் கவனிக்கவில்லை. நான் பேனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹிமாயா அதே கேள்வியை அவனிடம் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல அவன் முகம் மாறியது. மண்டபம் முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், ஒலிபெருக்கிக்குள்ளிருந்து, மெதுவாக, ஒரு பாட்டு மெட்டு வந்தது.

எங்கள் தெருக்களில் பின்னேரமானால் பாண் ஓட்டோ போட்டுக்கொண்டு வருகிற அதே மெட்டு.

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. பயத்தில் மூச்சு முட்டி, சட்டை முதுகோடு ஒட்டி, இன்னும் ஒரு நிமிடத்தில் மௌத்தாகிவிடுவேன் என்ற நிலை. எழுந்தேன். பக்கத்திலிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன்.

வெளியேயிருந்தும் அதே மெட்டு வந்தது. அதே இடம், அதே சுருதி. இரண்டும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மண்டபத்துக்குள் சுற்றின.

ஒருவரும் அசையவில்லை. ஏஜென்ட் தம்பி மட்டும், "அங்கயும் இப்பிடிப் பாண் வண்டி இரிக்கு சேர், அங்கயும் இரிக்கு," என்று அவசரமாகச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, பனி நாட்டிலிருந்து ஒரு குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது.

"தம்பி, கிம்புலா பனிஸ் ரெண்டு குடு. சீனி கூட அப்பினதாப் பாத்துக் குடு, என்ன?"

புண்ணியமூர்த்தியின் குரல்!

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வீதிக்கு அந்தப் பக்கம், ஒரு கடைக்கு மேலேயிருந்த அறையின் கீழே, பாண் ஓட்டோ நின்றது. பக்கத்தில் என் நண்பர், நீரிழிவுக்குக் காலையும் மாலையும் குளிசை போடுகிறவர், முதலை வடிவப் பனிசைக் கையில் வைத்து அதன் மேலிருந்த சீனியை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர்மேலே, திறந்த ஜன்னலில், வெள்ளைக் கோட் ஒன்று தெரிந்தது.

திரையில் இன்பாஸ் எதையோ அணைக்கத் தட்டினான். தட்டியது பிழையான இடம். பனிமலை மறைந்தது. சுவரும், சுற்றுகிற மின்விசிறியும், கல்முனை நகைக்கடைக் கலண்டரும் வந்தன.

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். ஒரு தாயின் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது, அவர் குனிந்து பார்க்கவில்லை. அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மிகைப்படுத்த வராது.

ஹிமாயா பேனையை மூடினாள். உறுதியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். படியிறங்கினாள்.

"மகள், எங்க?"

"கேட்டதுக்கு இன்னும் பதில் வரல்ல வாப்பா."

கீழே புண்ணியமூர்த்தி எங்களைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு மறுபக்கம் நடந்தார். அவரைப் பிடிக்க நேரமில்லை. கடையின் பக்கத்துப் படியால் ஹிமாயா ஏறினாள். நானும் ஏறினேன். மேலே கதவு உள்ளே பூட்டியிருந்தது. அதற்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம்.

"அடிக்க வாறீங்களா?" என்று உள்ளிருந்து இன்பாஸ் கேட்டான்.

"இல்ல காக்கா," என்றாள் ஹிமாயா, சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல. "நான்தான் அந்தக் கேள்வி கேட்டவள்."

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சால்வை இன்னும் கழுத்தில் இருந்தது. கானல் வீதியில் ஓடுகிற வெயிலில், கம்பளியோடு, அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தான்.

"நான் பொய் சொல்லல்ல. நான் அங்கதான் படிச்சன். நாலாம் வருசம் வரைக்கும்," என்றான். ஹிமாயா அங்கே இருந்த ஒரே கதிரையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் இருக்கவில்லை. "புத்தகம் இங்கிலீஷ்தான். வாட்டுக்குப் போனா ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மத்தப் புள்ளைகள் அந்தப் பாஷையப் படிச்சிட்டாங்க, நல்லா இரிக்காங்க. எனக்கு நாக்குல வரல்ல. ஒருநாள் ஒரு பொம்புள என்ட கையப் புடிச்சி அழுதழுது என்னமோ சொன்னா. எனக்கு விளங்கல்ல. வெக்கத்தில தலையாட்டினன். அடுத்தநாள் போனா, கட்டில் வெறுமையாக் கிடக்கு. வீட்ட போனாவா, மௌத்தாப் போனாவா எண்டு கேக்கக்கூட என்னட்டப் பாஷ இல்ல."

மின்விசிறி சுற்றியது. கீழே பாண் ஓட்டோ மெட்டைப் போட்டுக்கொண்டு நகர்ந்து போனது.

"அதுக்குப் பிறகு வாட்டுக்குப் போகப் பயம். போகாம உட்டன். உட்டது உட்டதுதான். கூடப் பொறந்த ராத்தாட வீட்ட வித்துத்தான் என்ன அனுப்பின. எந்த முகத்தோட வீட்ட போற? அந்த ஏஜென்ட்தான் இந்த ரூமும் கோட்டும் தந்தார். எங்கட பள்ளிப் பாங்கு இஞ்ச கேக்கும். உம்மா எடுத்து, 'மகன், குளிருக்கு உடுப்புப் போட்டியா?' எண்டு கேப்பா. நான் இஞ்ச விசிறியப் போட்டுக்கிட்டு, போட்டன் உம்மா எண்டு சொல்லுவன்."

நான் ஹிமாயாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. தன் ஆறு வருடத்தையும் எங்கள் கூரையையும் அந்தச் சின்ன அறைக்குள் கண்டுவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. யானை தோளில் தும்பிக்கை போட்டபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"உம்மாக்கு இப்ப எடுங்க காக்கா," என்றாள்.

"ஏலாது."

"எனக்கும் பயமாத்தான் இரிக்கு. நான் இஞ்சயே நிக்கிறன். எடுங்க."

அவன் எடுத்தான். அவசரத்தில் சத்தம் வெளியே கேட்கிற பொத்தானும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"உம்மா, நான் கல்முனையில இரிக்கன்."

அந்தப் பக்கத்திலிருந்து தாய் கேட்டார்: "எந்தக் கல்முனை மகன்?"

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் ஆறு மாடியும் போய்விட்டது. திரையைச் சுருட்டினார்கள், பதாகையைக் கழற்றினார்கள். ஏஜென்ட் தம்பி ஓடிய வேகத்தில் டை மட்டும் பின்தங்கி, அவரைத் தேடிக்கொண்டு தனியாகக் காரைதீவுச் சந்திவரை போனது. காசு கட்டியவர்கள் அவரைத் தேடிப் பிடித்துப் பொலிசில் ஒப்படைத்தது பிறகு நடந்த கதை. இன்பாஸின் உம்மாவும் ராத்தா ஸுல்பிகாவும் ஒரு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார்கள். ஸுல்பிகா தம்பியை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பிறகு அந்தச் சால்வையைக் கழற்றி அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஹிமாயா சொன்னாள்: "நான் யூனானிக்குப் போறன் வாப்பா."

"பயந்து போய்ச் சொல்றியா மகள்?"

"பயந்துதான். எந்தப் பயத்த என்னால தாங்க ஏலும் எண்டு பாத்தன். 'ஓ... அந்த டொக்டரா' எண்டு கேக்கிறவனுக்கு என்னால பதில் சொல்ல ஏலும். நோகுது எண்டு ஒரு ஆள் சொல்லக்குள்ள விளங்காமத் தலையாட்ட என்னால ஏலாது."

"கொழும்பில சிங்களத்திலதானே நோகும்?"

"அதப் படிக்கணும். பஸ்ஸில ஏறினாப் பாதி வந்திடும்."

நதீரா கடப்படியிலேயே நின்றாள். பின்னால் வாசலில் சட்டி பானையெல்லாம் சாக்குகளில் கட்டி அடுக்கியிருந்தது. நாங்கள் போன நேரத்துக்குள் வீட்டை விட்டு இறங்க ஆயத்தமாகிவிட்டாள்.

"கையெழுத்து வெச்சியா?" என்றாள். ஹிமாயா இல்லையென்று தலையாட்டினாள். நதீரா சாக்கை அவிழ்த்து முதலில் சோற்றுப் பானையை வெளியே எடுத்தாள்.

இதெல்லாம் நடந்ததென்று நான் சொன்னபோது புண்ணியமூர்த்தி என்ன சொன்னார் தெரியுமா?

"நான் அண்டைக்குத் தலையிடியோட நேர வீட்ட வந்திட்டன். பாணும் தெரியா, ஓட்டோவும் தெரியா. பனி நாட்டில என்ட குரல் கேட்டதாம்! ஜெமீல்ட யானைட தம்பி இது."

குரல் விசயத்தில் ஊர் அவரைத்தான் நம்பியது. மழைமானி பார்த்தவர் அல்லவா!

அடுத்த வருடம் விடுமுறைக்கு ஹிமாயா கொழும்பிலிருந்து வந்திருந்தாள். சிங்களம் சரளமாக வந்திருந்தது. பஸ்ஸில் சண்டை பிடிக்கிற அளவுக்கு. புண்ணியமூர்த்திக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு இருவருமாகக் காரைதீவுக்குப் போனோம்.

அவர் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கணுக்காலுக்குக் கீழே கட்டு. முகம் வெளுத்திருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"கால எடுக்கணும் எண்டு சொல்லிடுவாங்களோ எண்டு பயத்தில ஆசுப்பத்திரிக்குப் போறாரில்ல புள்ள," என்றார் அவர் மனைவி தவமணி. "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. இவர் சீனி தொட்டு வருசமாகுது. தேத்தண்ணிக்குக்கூடப் போடுறல்ல. மறுகா ஏன் புண் ஆறுதில்ல?"

ஹிமாயா தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்த விதத்தில் எனக்குப் பழைய நெஞ்சிடி திரும்பி வந்தது.

"நான் இன்னும் டொக்டர் இல்ல அங்கிள். இப்போதைக்குக் கேள்வி கேக்க மட்டும்தான் படிச்சிரிக்கன். நாளைக்குக் காலையில நானே கூட்டிக்கிட்டு கிளினிக்குக்குப் போறன். இப்பவே போனாக் கால் தப்பும், பிந்தினாச் சொல்ல ஏலாது. ஆனா அங்கயும் இதத்தான் முதல்ல கேப்பாங்க. இனிப்பு ஏதும் சாப்பிடுறீங்களா?"

புண்ணியமூர்த்தி மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய சாதனை அதுதான்.

"எந்தப் பாஷையில சொன்னாலும் பரவால்ல அங்கிள்," என்றாள் ஹிமாயா. "எனக்கு விளங்கும்."

தூரத்தில் எங்கோ பாண் ஓட்டோவின் மெட்டு கேட்டது. அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"ஒவ்வொரு பின்னேரமும் புள்ள," என்றார். "நடக்கப் போறன் எண்டு தவமணிட்டச் சொல்லிட்டு."

தவமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்ப அண்டைக்குக் கல்முனையில? அந்தக் குரல்?"

"என்ட குரல்தான். ஆனா அண்டைக்கு ரெண்டு பனிஸ் இல்ல, முதல் ரெண்டையும் திண்டுட்டு மறுகா ரெண்டு வாங்கினன். நாலு. ஜெமீல் குறைச்சிச் சொல்லிட்டான்." காலைக் கொஞ்சம் இழுத்து, ஹிமாயாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். "மத்ததெல்லாம் அவன் சொன்ன மாதிரி நடந்ததுதான்."